பாட்டுப் பெட்டிக்குக் கை கொடுத்தவர்



பரிசளிப்பு விழா மலரில் யாரைப் பற்றி எழுதலாம் என்று பல நாள் யோசித்தேன். எல்லாப் பாடத்திலும் முதலாக வந்த மேதைகளைப் பற்றி எழுதலாம்தான். ஆனால் அப்படிப்பட்டவர்களின் வரலாறு நம் பாடநூல்களிலேயே நிறைய இருக்கிறது. ஆகவே இம்முறை, இந்தப் பையன் மண்டையில் ஒன்றும் ஏறாது என்று பள்ளிக்கூடமே கைகழுவிவிட்ட ஒருவரின் கதையைச் சொல்லப் போகிறேன். இதை எழுத எனக்குச் சொந்தத்தில் ஒரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். பொறுத்துப் படியுங்கள்.

அவர் பெயர் எல்டிரிட்ஜ் ரீவ்ஸ் ஜான்சன். அமெரிக்கர். யாரோ வெள்ளைக்காரர், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள், நாய்ப்படம் போட்ட ரிக்கார்டு தெரியுமா என்று. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சான தமிழ் ரிக்கார்டுகள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. அந்தத் தட்டுகளின் நடுவில் ஒரு வெள்ளை நாய் தலையைச் சாய்த்துக்கொண்டு, குழாய் வைத்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும். அந்த நாய்க்குப் பெயர் நிப்பர். அந்தப் பெட்டி இருக்கிறதே, அதுதான் ஜான்சனின் பட்டறையில் பிறந்த பெட்டி!

தாயில்லாப் பிள்ளை

1867 ஆம் ஆண்டு பிப்ரவரி 6 ஆம் நாள், டெலாவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில் ஜான்சன் பிறந்தார். தந்தையார் ஒரு தச்சர். தாயார் கரோலின், பிள்ளை தளர்நடை போடும் வயதிலேயே கண்ணை மூடிவிட்டார். தாயில்லாப் பிள்ளையைச் சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று அனுப்பி வளர்ப்பது நம் தோட்டங்களிலும் நடப்பதுதானே? சிறுவன் ஜான்சனும் தாய்வழி உறவினர் பண்ணையில் சில ஆண்டுகள் வளர்ந்தான். பத்து வயதளவில் டோவர் என்னும் ஊரில் இருந்த தந்தையிடம் திரும்பி வந்தான்.

டோவரில் ஒரு நல்ல பள்ளி இருந்தது. பையனைக் கல்லூரி வரை படிக்க வைக்க வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை. 1882 ஆம் ஆண்டு, 15 வயதில், அவன் பள்ளிப் படிப்பை முடித்தான். அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. இவன் கல்லூரிக்கு லாயக்கில்லாத மண்டு, பேசாமல் போய் ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று பள்ளித் தலைவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ஒரு சொல்தான். ஆனால் 15 வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அந்தச் சொல்லை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கோடீசுவரரான பிறகும் அதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

பட்டறையில் படித்த படிப்பு

மறு ஆண்டே பிலடெல்பியா நகரில் ஓர் இயந்திரப் பழுதுபார்ப்புப் பட்டறையில் தொழில் பழகப் போனார் ஜான்சன். இரும்பைக் கடைவது, அரத்தால் ராவுவது, பல்சக்கரத்துக்குப் பல் வெட்டுவது, தேய்ந்துபோன உறுப்புக்குப் பதில் புதிது செய்வது எல்லாம் அங்கே கற்றார். முகத்தில் கரி, கையில் எண்ணெய். சில ஆண்டுகளில் தேர்ந்த தொழிலாளியாகி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கேம்டன் நகரத்தில் ஸ்கல் என்பவரின் சிறு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

முதலாளியின் மகன் ஒரு புத்தகம் கட்டும் இயந்திரத்தைத் திட்டமிட்டு, அதை முடிக்காமலே திடீரென்று இறந்துபோயிருந்தார். பாதியில் நின்ற அந்த வேலையை ஜான்சன் கையிலெடுத்தார். கொஞ்ச காலம் அமெரிக்காவின் மேற்குக் கோடிக்குப் போய், உடலுழைப்பு வேலையும் செய்து பார்த்தார். அதிர்ஷ்டம் அங்கே இல்லை என்று கண்டு கேம்டனுக்கே திரும்பி, பட்டறையில் பங்காளியானார். 1894 ஆம் ஆண்டு பங்காளியின் பங்கையும் வாங்கிக்கொண்டு, 27 வயதில் தனி முதலாளி ஆனார். முதலாளி என்றால் பெரிய மாளிகை என்று எண்ணிவிடாதீர்கள். சின்னப் பட்டறை. வருகிற வேலையை வாங்கிச் செய்து பிழைக்கும் பட்டறை.

சளி பிடித்த கிளி

அந்தப் பட்டறைக்குத்தான் ஒரு நாள் ஒரு விசித்திரப் பெட்டி வந்து சேர்ந்தது. எமில் பெர்லினர் என்பவர் 1887 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கிராமபோன் அது. எடிசன் கண்ட பேசும் பொறியில் ஒலி உருளையில் பதிந்தது. பெர்லினரோ தட்டையான தட்டில் பதித்தார். தட்டு என்றால் ஓர் அச்சிலிருந்து ஆயிரமாயிரம் அடிக்கலாம். அருமையான எண்ணம். ஆனால் பெட்டியிலே ஒரு பெரிய குறை இருந்தது. தட்டைக் கையால் சுற்றவேண்டும்!

மாணவர்களே, ஆட்டுக்கல்லை ஒரே வேகத்தில் ஆட்டிப் பாருங்கள், முடிகிறதா? கை சற்று அசந்தால் வேகம் குறையும். பாடுகிறவர் குரல் தடித்துப் போகும். கை சற்று வேகமானால் குரல் கீச்சென்று ஏறும். சளி பிடித்த கிளி பேசுவது போல இருந்தது என்ற பொருளில் ஜான்சன் பிற்காலத்தில் அதைக் கேலியாக நினைவுகூர்ந்தார். ஆனாலும் அந்தப் பெட்டி அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது.

பெர்லினரின் ஆட்களுக்குத் தேவைப்பட்டது, விலை மலிவான, ஓசையில்லாத, ஒரே சீராக ஓடும் ஒரு சுருள்வில் மோட்டார். 1896 ஆம் ஆண்டு ஜான்சன் அதைச் செய்து கொடுத்தார். அதன் சூட்சுமத்தை நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். சாவியை முறுக்கினால் எஃகுச் சுருள் இறுகும். இறுகிய சுருள் விரியும்போது பல்சக்கரங்கள் சுற்றும். ஆனால் சுருள் தொடக்கத்தில் பலமாய் இழுக்கும். போகப் போகத் தளரும். வேகம் மாறாமல் இருப்பது எப்படி? அதற்குத்தான் உள்ளே ஒரு சிறிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. திருவிழா ராட்டினத்தில் நாற்காலிகள் வேகம் ஏற ஏற வெளிப்பக்கம் விரிகின்றன அல்லவா? அதேபோல மெல்லிய தகடுகளில் கட்டிய சிறு குண்டுகள், வேகம் கூடினால் வெளியே விரியும். விரிந்தால் ஒரு வட்டை இழுத்துத் தோல்துண்டோடு உரச வைக்கும். உரசினால் வேகம் தணியும். தணிந்தால் குண்டுகள் சுருங்கும், உரசல் விடும். இப்படித் தன்னைத்தானே அதட்டிக்கொண்டு ஓடும் மோட்டார் அது.

பாட்டுக் கேட்பவரின் கையிலிருந்து முதல் சுமை இப்படி இறங்கியது. சாவியை ஒரு தடவை முறுக்கிவிட்டுச் சாய்ந்து உட்காரலாம். இதைச் செய்தது யார்? கைத்தொழிலுக்குத்தான் லாயக்கு என்று ஒதுக்கப்பட்டவர்!

லண்டனில் பிரான்சிஸ் பரோ என்ற ஓவியர், இறந்துபோன நிப்பர் நாயை நினைத்து ஒரு படம் எழுதியிருந்தார். முதலில் அதில் இருந்தது உருளை வைத்த பழைய பெட்டி. 1899 ஆம் ஆண்டு அதை அழித்துவிட்டு, கேம்டனிலிருந்து வந்த ஜான்சனின் புதிய பெட்டியைப் பார்த்து அதன்மேல் தீட்டினார். கிராமபோன் கம்பெனி அந்தப் படத்தை விலைக்கு வாங்கியது. அப்படித்தான் ஒரு பட்டறைக்காரரின் கைவேலை உலகம் முழுக்கத் தட்டுகளின்மேல் ஏறியது.

வழக்கும் வெற்றியும்

வேலை நன்றாக நடந்தால் வழக்கும் வரும் என்பது உலக வழக்கம் போலும். 1900 ஆம் ஆண்டு பெர்லினருக்கும் அவருடைய விற்பனையாளருக்கும் சண்டை முற்றியது. நீதிமன்றத் தடையால் பெர்லினர் அமெரிக்காவிலேயே தம் பெட்டியை விற்க முடியாமல் போனது. அவர் விற்றால்தானே ஜான்சனுக்கு வேலை? பெரிய தொழிற்சாலையைக் கடன்பட்டுக் கட்டிவைத்துவிட்டு, வாங்க ஆளில்லாமல் நின்றார் ஜான்சன்.

வேறொருவராக இருந்தால் கதவைப் பூட்டியிருப்பார். இவர் தாமே கடை விரித்தார். மெழுகுத் தட்டில் ஒலி பதிக்கும் முறையை முன்பே தம் பட்டறையில் சோதித்துத் தெளிவான தட்டுகளைத் தயாரித்திருந்தார். தட்டின் நடுவில் பாட்டின் பெயரைத் தாங்கும் காகிதச் சீட்டை ஒட்டும் வழக்கத்தையும் கொண்டுவந்தார். எதிராளி அவர்மேலும் வழக்குப் போட்டார். 1901 ஆம் ஆண்டு ஜான்சன் வென்றார். அதே ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள், பெர்லினரின் உரிமைகளையும் சேர்த்துக்கொண்டு விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி பிறந்தது.

அதன்பின் ஏறுமுகம்தான். 1904 ஆம் ஆண்டு இத்தாலியப் பாடகர் கரூசோ விக்டருக்காகப் பாடத் தொடங்கினார். 1906 ஆம் ஆண்டு, பெரிய குழாயைப் பெட்டிக்குள்ளேயே மறைத்து வைத்த விக்ட்ரோலா விற்பனைக்கு வந்தது. 1908 ஆம் ஆண்டு தட்டின் இரண்டு பக்கமும் பாட்டு வந்தது. கேம்டனில் ஆயிரக்கணக்கானோர் அந்த ஆலையில் வேலை செய்தார்கள்.

மீதி இருந்த சுமை

ஆனால் பாருங்கள், கைக்கு இன்னும் வேலை மீதி இருந்தது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஓடுவது ஏறக்குறைய 3 நிமிடம். 12 அங்குலத் தட்டானால் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். பாட்டு மனத்தில் இறங்கத் தொடங்கும்போதே தட்டு முடிந்துவிடும். எழுந்து போய், ஊசிக் கையைத் தூக்கி, தட்டைத் திருப்பி, எஃகு ஊசியை மாற்றி, சாவியை முறுக்கி, மறுபடி வைக்க வேண்டும். கல்யாண வீட்டில் கிராமபோன் வைத்தால், அதன் பக்கத்தில் ஒருவர் குந்தியே இருக்க வேண்டும். அவருக்குப் பந்தியும் கிடையாது, பேச்சும் கிடையாது!

இந்தச் சுமையை இறக்க எத்தனையோ பேர் முயன்றார்கள். 1906 ஆம் ஆண்டே சிகாகோவில் ஜான் கேபல் என்பவர், காசு போட்டால் 24 தட்டுகளில் ஒன்றைத் தானே எடுத்து, ஊசியையும் தானே மாற்றிப் பாடவைக்கும் பெரிய அலமாரி ஒன்றை விற்றார். அது கடைகளுக்கு ஏற்றது. வீட்டுக்கு வேண்டிய கருவி பிறகுதான் வந்தது. அதற்கு மூன்று தடைகள் நீங்க வேண்டியிருந்தது.

முதல் தடை ஊசி. எஃகு ஊசி ஒரு பக்கத்திலேயே தேய்ந்துவிடும். விக்டர் கம்பெனி விற்ற டங்ஸ்டன் முனை ஊசியோ பல தட்டுகளைத் தாங்கியது. இரண்டாவது தடை சாவி. சுருள்வில்லுக்குப் பதில் மின் மோட்டார் வந்ததும் அதுவும் நீங்கியது. மூன்றாவது தடைதான் வேடிக்கையானது. பாட்டு முடிந்துவிட்டது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதற்குக் காதா இருக்கிறது?

விடை இதுதான். தட்டின் உள்பக்கம், பாட்டு முடியும் இடத்தில், மையம் தவறிய கோணல் வட்டமாக ஒரு கோடு வெட்டினார்கள். ஊசி அந்தக் கோட்டில் விழுந்ததும், ஊசிக் கை முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் ஒரு நெம்புகோலைத் தட்டிவிடும். உடனே உள்ளே மேடு பள்ளமாகச் செதுக்கிய ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கும். மேடு வந்தால் கை தூக்கும். பள்ளம் வந்தால் கை இறங்கும். அந்தச் சக்கரத்தின் ஒரே சுற்றில் எல்லா வேலையும் முறைப்படி நடந்து முடியும்.

1927 ஆம் ஆண்டு விக்டர் கம்பெனி இப்படித் தானே தட்டு மாற்றும் பெட்டியை வெளியிட்டது. 12 தட்டுகளை அடுக்கிவிட்டால் போதும். ஒரு தட்டு முடிந்ததும், சுழல்தட்டைச் சுற்றியிருக்கும் வளையம் அதை ஒருபுறமாகத் தூக்கிச் சாய்க்கும். தட்டு வழுக்கிக்கொண்டு, மெத்தை வைத்த அறைக்குள் போய்ப் படுக்கும். அடுத்தது அந்த இடத்துக்கு வரும். விலை 600 டாலர்! அன்றைய ஃபோர்டு மாடல் டி காரின் விலையைவிட அதிகம். பணக்காரர் வீட்டுக்கே உரிய அதிசயம்.

புரட்டிப் போடும் கணக்கு

தட்டை மாற்றியாகிவிட்டது. ஆனால் தட்டுக்கு இரண்டு பக்கம் ஆயிற்றே! புரட்டுவது யார்?

இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் நகரில் கேப்ஹார்ட் என்ற பெயரில் வந்த பெட்டிகள், தட்டைப் பிடித்துப் புரட்டியே போட்டன. கல்லில் தோசையைத் திருப்புவதுபோல! ஆனால் அதுவும் விலை உயர்ந்த பெட்டி. மற்றவர்கள் ஒரு மலிவான வழி கண்டார்கள். அது இயந்திரமே அல்ல, வெறும் கணக்கு. மாணவர்களே, கவனியுங்கள்.

ஒரு நீண்ட இசை 5 தட்டுகளில், 10 பக்கங்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக முதல் தட்டில் 1, 2. இரண்டாவதில் 3, 4 என்றுதானே வரும்? தட்டு மாற்றும் பெட்டிக்கென்று தயாரித்த தொகுதியில் அப்படி இல்லை. முதல் தட்டின் ஒருபக்கம் 1, மறுபக்கம் 10. இரண்டாவது 2, 9. மூன்றாவது 3, 8. நான்காவது 4, 7. ஐந்தாவது 5, 6. நடுக்கம்பியில் மேலே நிற்கும் தட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்து, 1 முதல் 5 வரை பாடி முடியும். அப்போது 5 மேலே இருக்கும், 1 அடியில் இருக்கும். முழு அடுக்கையும் அப்படியே ஒரு தடவை கவிழ்த்துக் கம்பியில் ஏற்றினால், 6, 7, 8, 9, 10 வரிசையாக வரும். ஒன்பது தடவை எழ வேண்டியவர் ஒரே தடவை எழுந்தால் போதும். ஒவ்வொரு தட்டின் இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். எல்லாமே 11! கணக்கு எவ்வளவு அழகு பார்த்தீர்களா?

இப்படி மேலிருந்து தட்டு விழும் பெட்டிகள்தான் பிற்காலத்தில் மலிவாகி, ரேடியோகிராம் என்ற பெயரில் நம் நாட்டு வீடுகளுக்கும் வந்தன.

கொடுத்துவிட்டுப் போனவர்

இதில் மனத்தை வருத்தும் ஒரு செய்தி உண்டு. அந்த 1927 ஆம் ஆண்டுப் பெட்டி கடைக்கு வந்தபோது, கம்பெனி ஜான்சனின் கையில் இல்லை. 1920களில் வானொலி வந்தது. காசு கொடுத்துத் தட்டு வாங்காமலே வீட்டில் பாட்டுக் கேட்கலாம் என்றானதும், விக்டரின் விற்பனை சரிந்தது. 1925 ஆம் ஆண்டு மின்சாரத்தால் ஒலிப்பதிவு செய்த தட்டுகளும், அவற்றுக்கேற்ற ஆர்தோபோனிக் பெட்டியும் வந்து கம்பெனியைத் தூக்கி நிறுத்தின. ஆனால் ஜான்சன் களைத்துப்போனார். மனச்சோர்வு அவரை நெடுநாளாக வாட்டியது. 1927 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தம் பங்குகளை ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு வங்கிக்காரர்களிடம் விற்றுவிட்டு ஒதுங்கினார். 1929 ஆம் ஆண்டு அது ஆர்.சி.ஏ. கம்பெனியோடு சேர்ந்தது. மரம் நட்டவர் ஒருவர், பழம் பறித்தவர் வேறொருவர். உழைக்கும் மக்களாகிய உங்களுக்கு இதை நான் விளக்கவா வேண்டும்?

பணத்தை அவர் என்ன செய்தார்? பெரிய கப்பல் வாங்கினார். அதன் பெயர் கரோலின். அவர் முகம் நினைவில் நிற்குமுன்னே இறந்துபோன தாயின் பெயரும் அதுதான். 1933 ஆம் ஆண்டு அந்தக் கப்பலிலேயே ஸ்மித்சோனியன் அறிவியலாளர்களை ஏற்றிக்கொண்டு, போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய ஆழ்கடலை ஆராயச் செய்தார்.

எல்லாவற்றையும்விட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. கல்லூரிக்கு லாயக்கில்லை என்று விரட்டப்பட்ட அவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் ஆய்வுக்கென்று ஓர் அறநிலையத்தை நிறுவப் பொருள் கொடுத்தார். 1929 ஆம் ஆண்டு அது தொடங்கியது. கண் எப்படிப் பார்க்கிறது என்று அங்கே பணிபுரிந்து ஆராய்ந்தவர்களில் ஹார்ட்லைன், கிரானிட் என்ற இருவர், 1967 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தமக்கு அடைத்த கதவைப் பிறருக்குத் திறந்துவிட்டார் அந்த மனிதர். பழிக்குப் பழி என்றால் இதுவல்லவா அழகான பழி!

1945 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் அவர் மறைந்தார். அவரைக் கைகழுவிய டோவர் நகரிலேயே, 1967 ஆம் ஆண்டு முதல் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

என் சொந்தக் காரணம்

இனி நான் சொல்வதாகச் சொன்ன காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாய்பாடு வரவில்லை. எழுத்திலும் பிழை. ஒரு நாள் பொறுமையிழந்து, உனக்குப் படிப்பு ஏறாது, அப்பாவோடு குலை வெட்டப் போ என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குலை வெட்டுவது கேவலம் என்று நான் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் அது அவன் காதில் விழுந்திருக்கும். அவனுடைய தகப்பனாரின் காதுக்கு எட்டியிருந்தால் அவர் எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார் என்று இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அதே ஆண்டு, காலி செய்த ஒரு பழைய வீட்டிலிருந்து ஒரு ரேடியோகிராமைப் பள்ளிக் கண்காட்சி மூலைக்குக் கொடுத்தார்கள். சுழல்தட்டு சுற்றியது, ஆனால் தட்டு விழவில்லை. பெரியவர்கள் பார்த்துக் கைவிட்டார்கள். அந்தப் பையன் மட்டும் இடைவேளை தோறும் அதன் முன்னாலேயே நின்றான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, சார், உள்ளே இருக்கிற சக்கரம் பாதி சுற்றி நின்றுபோகுது, பழைய கிரீஸ் கட்டிப்பால் மாதிரி இறுகியிருக்கு என்றான். மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, நான் பக்கத்தில் நிற்க, மண்ணெண்ணெயும் பழைய துணியும் வைத்து அவன் துடைத்தான். ஒரு சாயங்காலம் முழுக்கத் துடைத்தான். பிறகு தட்டு விழுந்தது. ஊசிக் கை தானே வந்து அமர்ந்தது. பாட்டு வந்தது.

எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

தட்டு மாற்றும் கருவியைப் பற்றி அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அப்படித்தான் ஜான்சனின் வரலாறு என் கண்ணில் பட்டது. அவருடைய பள்ளித் தலைவரைப் பற்றிப் படித்தபோது, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. மறுநாள் வகுப்பில், எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்தப் 11 கணக்கை வைத்தே அவனுக்குக் கூட்டலும் வாய்பாடும் சொல்லிக்கொடுத்தேன். ஓரளவு வந்தது. முதல் மாணவனாக வந்துவிட்டான் என்று கதை கட்ட மாட்டேன். வரவில்லை. இன்று அவன் இடைநிலைப்பள்ளியில் இருக்கிறான். பட்டறைத் தொழில் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பெற்றோர்களே, படிப்பு வேண்டாம், கைத்தொழில் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பல்சக்கரத்துக்கும் கணக்கு வேண்டும்; வரைபடம் பார்க்கவும் எழுத்து வேண்டும். படிக்கிற பிள்ளையை எப்பாடுபட்டாவது படிக்க வையுங்கள். ஆனால் தாமதமாகப் படிக்கிற பிள்ளையை மண்டு என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் கையைக் கவனியுங்கள். அது என்ன செய்யத் துடிக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் பார்க்கிறோம்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். கீழே உட்கார்ந்து கைதட்டுகிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் முடிந்ததும் பாட்டு முடிந்துவிட்டது என்று யாரும் தட்டை எறிந்துவிடுவதில்லை. உங்கள் மறுபக்கம் இன்னும் ஒலிக்கவே இல்லை. அதைப் புரட்டிப் போடுவது உங்கள் கையில் இருக்கிறது; எங்கள் கையிலும் இருக்கிறது.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!